முதலில் டயரை வாங்குங்கள்

மாணவர்களே, 17 வயது நிறைந்ததும் கார் உரிமம் எடுத்துவிட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உரிமம் வருவதற்கு முன்பே கார் ஆசை வந்துவிடும். "உங்களிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. கையில் மூவாயிரம் ரிங்கிட்டும் இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?" என்று வகுப்பில் கேட்டால், யோசிக்காமல் பதில் வருகிறது: "காரை இறக்கிடுவோம், டீச்சர்!" ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடுத்த பதில் பெரிய ஸ்போர்ட் ரிம். டயர் என்று சொல்பவர் அபூர்வம்.

இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து. வாரநாளில் வேலைக்கும் வார இறுதியில் போட்டிக்கும் ஒரே கார் ஓடுகிறது என்றால், அதற்கான முதல் செலவு மழையிலும் பிடித்து நிற்கும் நல்ல டயர். இரண்டாவது செலவு அப்சோர்பர். ஸ்பிரிங்கும் தாழ்த்துவதும் கடைசி. நான்காம், ஐந்தாம் படிவ இயற்பியல் பாடமே இந்த வரிசையைச் சொல்கிறது. வாருங்கள், கணக்குப் போட்டே பார்ப்போம்.

அதற்கு முன் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆட்டோகிராஸ் என்பது பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பந்தயத் திடலின் ஒரு பகுதியிலோ கூம்புகளை வைத்துப் பாதை அமைத்து, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் ஓடவிட்டு நேரம் கணக்கிடும் போட்டி. பக்கத்தில் முந்திச் செல்லும் கார் கிடையாது. மோதுவதற்குக் கூம்பு மட்டுமே உண்டு. கூம்பைத் தட்டினால் விநாடிகள் கூடும். வேகமும் பெரும்பாலும் நம் சாலை வேகத்தைத் தாண்டாது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். நாள் முழுவதும் ஆறு சுற்று ஓடினால் மொத்தப் போட்டி நேரம் ஆறு நிமிடம்தான். ஆனால் அதே கார் போட்டி முடிந்து, மாலை மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை மறுபடியும் அதே சாலை. எந்த நேரத்துக்காகக் காரைத் தயார் செய்வது என்பதுதான் கேள்வி.

உள்ளங்கை அளவு நிலம்

ஒரு காரைத் தரையோடு இணைப்பது எது? இயந்திரமோ பிரேக்கோ அல்ல. நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடம் மட்டுமே. அந்த இடம் எவ்வளவு பெரியது?

எண்ணெய் நிலையத்தில் காற்றடிக்கும்போது கருவியில் 200, 220 என்று எண் வைக்கிறோம். அதன் அலகு கிலோபாஸ்கல். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். 1,000 கிலோ எடையுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பாரம் ஏறக்குறைய 10,000 நியூட்டன். நான்கு டயர்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2,500 நியூட்டன். அதை 200 கிலோபாஸ்கலால் வகுத்தால் 0.0125 சதுர மீட்டர், அதாவது 125 சதுர சென்டிமீட்டர். டயர் சுவரின் விறைப்பைக் கணக்கில் சேர்க்காததால் இது தோராயமான விடைதான். ஆனாலும் அளவு புரிந்துவிடும்: ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில்தான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அகலமான டயர் போட்டால் தொடும் இடம் பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரமும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் பரப்பளவு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும். குறுகிய டயரில் அது நீளமாக இருக்கும், அகலமான டயரில் பக்கவாட்டில் விரிந்திருக்கும். வளைவில் பக்கவாட்டு வடிவம் உதவும் என்பது உண்மை. ஆனால் தேங்கிய நீரில் அகலமான டயருக்குத் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். 1996ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் காரின் முன் டயர் அகலம் 185 மில்லிமீட்டர்தான். வளைவுகளில் பெயர் வாங்கிய கார் அது. அந்தப் பெயருக்குக் காரணம் டயரின் அகலம் அல்ல, சுமார் 725 கிலோ மட்டுமே இருந்த காரின் எடை.

வளைவு சொல்லும் கணக்கு

கூம்புகளுக்கிடையே 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் வளைவில் திரும்ப மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயரின் உராய்வு. இரண்டையும் சமன்படுத்தினால் காரின் எடை இரு பக்கமும் அடிபட்டுப் போகும். வேகத்தின் வர்க்கம், உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம் என்ற எளிய விதி மிஞ்சும்.

உலர்ந்த தாரில் நல்ல சாலை டயரின் உராய்வுக் குணகம் 0.9 என்று எடுத்தால், உச்ச வேகம் விநாடிக்கு 11.5 மீட்டர், அதாவது மணிக்கு 41 கிலோமீட்டர். பந்தய டயருக்கு நெருக்கமான ஒன்றைப் போட்டுக் குணகத்தை 1.0 ஆக்கினால் 44 கிலோமீட்டர் கிடைக்கும். மூன்று கிலோமீட்டர் வேகம் போட்டியில் பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்து குணகம் 0.5க்கு இறங்கினால் அதே வளைவில் உச்ச வேகம் மணிக்கு 31 கிலோமீட்டராகிவிடும். உலர்ந்த நாளில் ஏறியது மூன்று. நனைந்த நாளில் இறங்கியது பத்து. எதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்று எண்களே சொல்கின்றன.

சாலையில் நிறுத்தும் தூரத்தையும் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், குணகம் 0.9 என்றால் பிரேக் பிடித்த பிறகு 35 மீட்டரில் நிற்கும். 0.5 என்றால் 64 மீட்டர். தேய்ந்த டயரும் தேங்கிய நீரும் சேர்ந்து அதை 0.3 ஆக்கினால் 106 மீட்டர். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய ஏழு மைவி கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். பிரேக் பிடிக்க நம் மூளை எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

சிப்பாங் சொன்ன பாடம்

டயரை வானிலையோடு பொருத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. 2009 ஏப்ரல் 5, சிப்பாங் பந்தயத் திடலில் ஃபார்முலா 1 போட்டி. மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குத் தெரியும், அது மழை வரும் நேரம். வானம் கறுத்தது. மழை வந்துவிடும் என்று கணித்த ஃபெராரி அணி, கிமி ராய்க்கோனனின் காருக்குக் கனமழை டயர்களை மாட்டியது. பாதை இன்னும் உலர்ந்திருந்தது. மழை சில சுற்றுகள் தாமதித்தது. நீரில் குளிர்ந்தபடி ஓட வேண்டிய அந்த மென்மையான ரப்பர், சூடான உலர்ந்த தாரில் தேய்ந்து சிதைந்தது. பிறகு மழை கொட்டியபோது அந்த டயரில் தண்ணீரை வெளியேற்றப் பள்ளமே போதுமான அளவு மிஞ்சவில்லை. கடைசியில் போட்டியே நிறுத்தப்பட்டது. 56 சுற்றுகளில் 31 சுற்றுகளின் நிலவரப்படி ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்து, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் மழையில் காத்துக்கொண்டிருக்க, ராய்க்கோனன் ஐஸ்கிரீம் சாப்பிட்ட காட்சி தொலைக்காட்சியில் உலகம் முழுவதும் ஓடியது.

உலகின் மிகத் திறமையான பொறியாளர்களும் வானிலைக் கருவிகளும் இருந்தும் இந்த நிலை. அவர்களுக்காவது சில விநாடிகளில் டயர் மாற்ற ஆள் இருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் உங்கள் அண்ணனுக்கு, மழை வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் மாற்றிக் கொடுப்பவர் யார்? ஆகவே, எந்த நேரத்தில் மழை பெய்தாலும் ஓரளவு பிடித்து நிற்கும் ஒரே டயர்தான் அவருக்கு வேண்டும்.

இங்கே "செமி ஸ்லிக்" என்று விற்கப்படும் டயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவற்றில் பள்ளங்கள் குறைவு, ரப்பர் மென்மை. பந்தயத் திடலில் பல சுற்றுகள் ஓடிச் சூடேறிய பின்புதான் பலவற்றின் முழுப் பிடிப்பு வெளிப்படும். ஒரு நிமிடச் சுற்றில் அந்தச் சூடு ஏறுவதற்குள் போட்டியே முடிந்துவிடும். நனைந்த சாலையிலோ அவை தண்ணீரில் மிதக்கத் தொடங்கும்.

மிதப்பது என்பது வெறும் பேச்சு அல்ல. 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள், விமானச் சக்கரங்கள் நீர் தேங்கிய ஓடுபாதையில் எந்த வேகத்தில் தரையை விட்டு நீரின் மேல் ஏறுகின்றன என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் தந்த விதியைக் கிலோமீட்டரில் எழுதினால், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 6.36ஆல் பெருக்க வேண்டும். 200 கிலோபாஸ்கல் என்றால் விடை மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். காற்று இறங்கி 160 ஆகியிருந்தால் 80தான். நல்ல பள்ளம் உள்ள டயர் தண்ணீரை வெளியேற்றி இந்த வேகத்தை உயர்த்தும். பள்ளம் தேய்ந்த டயருக்கு அந்த உதவி கிடையாது. நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அதாவது சட்டத்தை மீறாமலே ஒருவர் தண்ணீரின் மேல் மிதக்க முடியும். துறைமுகத்துக்குக் கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் கிள்ளான் பக்கத்துச் சாலைகளில், சக்கரத் தடம் அழுந்திய இடங்களில் மழைநீர் வாய்க்கால்போல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீரின் மேல்தான் இந்தக் கணக்கு உயிர் பெறுகிறது.

டயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டயர் வாங்கப் போகும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்க வேண்டியதில்லை. டயரே பேசும். அதன் சுவரில் 195/55 ஆர்15 85வி என்று இருந்தால், 195 அதன் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 சுமை எண். ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் வகை. இன்னொரு பக்கம் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் பல ஆண்டுகளில் இறுகிப்போகும் என்பதால், மலிவாகக் கிடைக்கும் பழைய டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பல டயர்களில் தேய்மான எண் ஒன்றும் இருக்கும். 200 என்றால், சோதனைக்கு அளவுகோலாக வைத்த 100 எண் டயரைவிட இரு மடங்கு உழைக்கும் என்று பொருள். பொதுவாக எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும், பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் போட்டிகளை நடத்தும் எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்பு, சாலைக் கார்களுக்கான பிரிவில் இந்த எண் 200க்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஓட்டிப் போகக்கூடிய டயரில்தான் போட்டியிட வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அதே பிரிவில் அப்சோர்பரை மாற்றலாம். ஆனால் ஸ்பிரிங் தொழிற்சாலையில் வந்ததாகவே இருக்க வேண்டும். நான் சொல்லும் வரிசை புதிதல்ல என்பதற்கு இதுவும் சாட்சி.

தேய்மான எண்ணுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று பிடிப்புத் தரம் இருக்கும். அது நனைந்த தளத்தில் பிரேக் பிடித்துச் சோதித்த தரம். நம் ஊருக்கு நான் கேட்பது ஏ அல்லது ஏஏ.

ரப்பர் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். அந்தப் பாலில் இருந்து வந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உருகாமலும் உடையாமலும் உறுதிப்படும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். இன்று லாரி, விமான டயர்களில் இயற்கை ரப்பருக்கே முதலிடம், ஏனென்றால் அது பாரத்தில் குறைவாகச் சூடேறும். கார் டயரின் மேற்பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பரோடு சிலிக்கா கலக்கிறார்கள். நனைந்த சாலையில் பிடிப்பைக் கூட்டுவதில் அந்தச் சிலிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல டயருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் இந்த வேதியியலும் அடங்கும்.

இறக்கிய கார் வேகமான காரா?

இப்போது என் மாணவர்களின் முதல் பதிலுக்கு வருவோம். கார் வளைவில் திரும்பும்போது உள்பக்க டயர்களின் பாரம் குறைந்து வெளிப்பக்க டயர்களுக்குப் போகிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால் கார் சாய்வது குறையும், ஆகவே பாரம் மாறுவதும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. மாறும் மொத்தப் பாரம் காரின் நிறை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைத்தான் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை.

நம் 1,000 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டர், முடுக்கம் 8 என்று வைத்தால், 2,667 நியூட்டன் பாரம் வெளிப்பக்கம் போகும். காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அது 2,507 ஆகும். லாபம் 160 நியூட்டன். பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றும் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றும் சேர்ந்த பாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இதற்குத்தான் அத்தனை செலவு.

இனி நட்டத்தைப் பாருங்கள். ஹூக் விதிப்படி ஸ்பிரிங்கின் விசை அதன் அமுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மீட்டருக்கு 20,000 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கோடு போகும் சக்கரம், 30 மில்லிமீட்டர் ஆழமுள்ள சின்னப் பள்ளத்தில் சட்டென்று இறங்கினால் டயர் மீதுள்ள பாரம் 600 நியூட்டன் குறையும். 2,500இல் 1,900 மிஞ்சும். ஸ்பிரிங்கை மூன்று மடங்கு இறுக்கினால் 1,800 குறைந்து 700தான் மிஞ்சும். பாரம் போனால் உராய்வும் போகும். வளைவின் நடுவில், ஈரத்தில், இந்தப் பள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசியுங்கள். பந்தயத் திடலின் தார் மேசைபோல் இருக்கும். அங்கே இறுக்கமான ஸ்பிரிங்குக்கு வேலை உண்டு. ஒட்டுப்போட்ட நம் வட்டாரச் சாலையிலும், தாமான் வாசலுக்கு வாசல் இருக்கும் வேகத்தடையிலும் அதற்கு வேலை இல்லை.

சாய்வதைக் குறைக்க வேண்டுமானால் இடது வலது சக்கரங்களை இணைக்கும் சாய்வுத்தடுப்புக் கம்பி இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அது தலையிடாது. கார் சாயும்போது மட்டும் எதிர்க்கும். முன்சக்கரம் இழுக்கும் கார் வளைவில் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்த்தால், பின்பக்கக் கம்பியைச் சற்றுத் தடிமனாக்குவது ஆட்டோகிராஸ் ஓட்டுநர்களின் பழைய வைத்தியம். ஆனால் அளவாக. மழையில் பின்சக்கரம் முதலில் நழுவும் காரைப் புதியவர் சமாளிப்பது கடினம்.

அப்சோர்பர்தான் பலர் மறக்கும் பாகம். ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். அப்சோர்பர் அந்த ஆற்றலை எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி வெப்பமாக்கிவிடும். அது தேய்ந்துபோனால் சக்கரம் பந்துபோல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு கணமும் டயர் தன் வேலையைச் செய்யாது. நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1996இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் வசமாக்கியது. பிறகு வந்த 1.8 லிட்டர் சத்ரியா ஜிடிஐ காரின் சஸ்பென்ஷனைச் செப்பனிட்டவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். ஸ்பிரிங்கை அளவோடு வைத்து, அப்சோர்பரால் கட்டுப்படுத்துவது லோட்டஸ் மரபு. அப்படிப்பட்ட காரை வாங்கி, முதல் வேலையாக ஸ்பிரிங்கை வெட்டுவது, நல்ல வீணையை வாங்கி நரம்பை அறுப்பது போன்றது.

சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாய்ந்திருப்பதைக் கேம்பர் என்பார்கள். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தட்டையாகத் தரையில் படிய ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி சாய்வு உதவும். ஆனால் அழகுக்காகச் சக்கரத்தைக் கூரைபோல் சாய்த்து ஓட்டுகிறார்களே, அவர்களுடைய டயர் நேர்ச்சாலையில் உள் விளிம்பில் மட்டுமே நிற்கிறது. உள்ளங்கை அளவு நிலத்தை விரல் அளவாக்கிக்கொண்டு, பிரேக்கும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அறிவியல் அல்ல.

எதிர்வாதம்

இறுக்கிய கார்தான் போட்டியில் வெல்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மிகப் பிடிப்பான டயரும் சமமான தளமும் இருந்தால், இறுக்கமான கார் ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் சொல்லும். இன்னொரு வாதமும் நியாயமானது: போட்டிக்கென்று தனியாக ஒரு ஜோடி ரிம்மும் டயரும் வைத்துக்கொண்டு, திடலில் மாற்றிக்கொள்ளலாமே? வசதி இருந்தால் செய்யலாம். அப்போதும் சாலை டயர் நன்றாக இருக்க வேண்டும் என்ற என் வாதம் மாறாது. ஆனால் ஸ்பிரிங்கைத் திடலில் மாற்றிவிட்டு வீட்டுக்கு வேறு ஸ்பிரிங்கோடு வர முடியாது. சாலையும் திடலும் பங்கு போட்டுக்கொள்ளும் பாகம் அது. ஆகவே அதில் சாலைக்கே முன்னுரிமை. மேலும், சஸ்பென்ஷனில் மாற்றம் செய்யும் முன் ஜே.பி.ஜே. என்று நாம் அழைக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும்.

அதோடு, கற்றுக்கொள்பவருக்குப் பிடிப்பு மிகுந்த டயர் நல்ல ஆசிரியர் அல்ல. சாதாரணச் சாலை டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிட்டு எச்சரிக்கும். வேகம் குறைவாக இருக்கும்போதே நழுவிக் காட்டும். 2012இல் வந்த டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு, பல நாடுகளில் 215 மில்லிமீட்டர் அகலமுள்ள, எரிபொருள் சிக்கனக் கார்களுக்குப் போடும் வகை டயரையே நிறுவனம் மாட்டி அனுப்பியது. குறைந்த வேகத்திலேயே காரின் நடத்தையை ஓட்டுநர் உணர வேண்டும் என்பதே நோக்கம்.

என் வரிசை

மூவாயிரம் ரிங்கிட் கையில் இருந்தால், முதலில் தொழிற்சாலை சொன்ன அளவிலேயே, நனைந்த பிடிப்பில் ஏ தரத்துக்குக் குறையாத நான்கு டயர்கள். அடுத்து சக்கர அலைன்மெண்ட். மிச்சத்தில் தேய்ந்த அப்சோர்பரையும் இற்றுப்போன ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். இதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஓட்டுநர் பயிற்சிக்கும் போட்டிக் கட்டணத்துக்கும் செலவழியுங்கள். ஸ்பிரிங்கைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

போட்டி நாளில் காற்றழுத்தத்தை எப்படி முடிவு செய்வது? அதற்கு ஆசிரியர்களின் ஆயுதமான சுண்ணக்கட்டி போதும். டயரின் தோள் விளிம்பில் கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓடுங்கள். கோடு சுவர்ப் பக்கம் வெகுதூரம் அழிந்திருந்தால் டயர் உருண்டு மடங்குகிறது, காற்று போதவில்லை. விளிம்பைத் தொடவே இல்லை என்றால் காற்று அதிகம். திரும்பும் முன் சாலைக்கான அழுத்தத்தை மறுபடி வைத்துவிடுங்கள். ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, விளைவை அளப்பதுதானே பரிசோதனை? கூம்புப் பாதையைப் போல நல்ல ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது.

அதனால்தான் வேக ஆசை உள்ள மாணவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. ஆசை இருக்கட்டும், அது கூம்புக்கு நடுவில் இருக்கட்டும். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுபவர் எதையும் அளப்பதில்லை; தன் உயிரையும், வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும் யாரோ ஒருவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

கார் வாங்க இன்னும் வருடங்கள் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் இப்போது ஓடும் காருக்கும் டயர் இருக்கிறது. இந்த வார இறுதியில் ஓர் அளவுகோலோடு வாசலுக்குப் போங்கள். புதிய டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு ஒன்று தெரியும்; அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நான்கு டயரிலும், உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து பன்னிரண்டு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் அப்சோர்பர் நன்றாக இருக்கிறது, ஆடிக்கொண்டே இருந்தால் இல்லை. பிறகு அந்த நோட்டை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த மழைக்கு முன்பே காட்டிவிடுங்கள்.